கட்டு அவிழ்ப்பு விழா

பிள்ளையார்பாளையத்தில் எலிக்குப் பயப்படாத மனிதன் கிடையாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைக்குப் பாவு என்று பெயர். அது விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுவார்கள். நெய்கிறவனுக்கு அது பாவு. எலிக்கு அது சாப்பாடு. அதனால் தறி இருக்கிற வீட்டில் பூனையும் இருக்கும். பூனைக்கு ஒரு பிடி வைக்காமல் தான் சாப்பிட உட்காருகிற நெசவாளியைத் தெருவில் யாரும் மதிப்பதில்லை.

வீரபாகு வீட்டுப் பூனை கறுப்பு. பெயர் மிளகு. பக்கத்து வீட்டு ராஜவேலுவின் பூனை வெள்ளை. பெயர் சம்பங்கி. இரண்டும் ஒரே தாயின் குட்டிகள். ஒரே கூரையில் ஓடி, ஒரே அணிலைத் துரத்தி, இரண்டுமே பிடிக்காமல் வளர்ந்தவை. அவற்றுக்குள் உயர்வு தாழ்வு எதுவும் இருந்ததில்லை, ஒன்றுக்கு உத்தியோகம் கிடைக்கும்வரை.

திருவருள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நூல் கிடங்கில் எலி புகுந்துவிட்டது. சங்கத்துக்குப் பூனை வேண்டும் என்றார் தலைவர் மயில்வாகனம். செயலாளர் கோதண்டபாணி உடனே தீர்மானம் எழுதினார். அவர் திருப்புட்குழியிலிருந்து தினம் சைக்கிளில் வருகிறவர். மழை உள்ளே அடித்தாலும் தீர்மானம் இல்லாமல் ஜன்னலைச் சாத்தமாட்டார். பல பூனைகளைப் பரிசீலித்து, கடைசியில் சம்பங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைப் பூனை இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும் என்பது காரணம். எலியின் கண்ணுக்கும் தெரியுமே என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு வீரபாகுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கறுப்புன்னா இன்னா தாழ்வா போச்சு?" என்று மனைவி தையல்நாயகியிடம் கேட்டான். "நம்ம மிளகு எலி புடிக்கல? போன வாரங்கூட ஒண்ணப் புடிச்சுக்கினு வந்து என் காலாண்ட வெக்கல?"

"வெச்சுது. நீங்கதான் கத்திக்கினு தறிமேல ஏறினீங்க."

"அது வேற விஷயம்."

"சாப்பிடுங்க. பூனைக்கு வேலை கெடைக்கலன்னு அழற ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்கறேன்."

அழவில்லை என்று வீரபாகு சொன்னான். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சிம்பு ஏறியதை அவன் அறிந்தான். பட்டில் ஏறும் சிம்பு கண்ணுக்குத் தெரியாது; கை வைத்தால்தான் உறுத்தும். அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

ஆடி மாதம் மண்டல அதிகாரி ஜீப்பில் வந்து சங்கத்தைப் பார்வையிட்டார். அதற்கு முந்தின நாள்தான் சம்பங்கியின் முன்னங்கால் நகம் கோணிச் சாக்கில் மாட்டிக் கிழிந்திருந்தது. அதிகாரி காபி குடித்து முடிக்கிற சமயம் அது அவர் முன்னால் நொண்டிக்கொண்டு போயிற்று.

"அடடா, பூனைக்குக் கால்ல என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே அவசரப் பொதுக்கூட்டம். மயில்வாகனம் துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! மண்டல அதிகாரி அவர்கள் நம் சேலை ஏன் சாயம் போகிறது என்று கேட்டாரா? நல்லவேளை, கேட்கவில்லை. கிடங்கில் ஏன் பூட்டு இல்லை என்று கேட்டாரா? இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது பூனையின் பாதத்தைப் பற்றியது. அப்படியானால் சங்கத்தில் மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே அந்தப் பாதத்தையும் சரிசெய்துவிட்டால் நம்மைக் கேள்வி கேட்க இந்த உலகத்தில் எவனும் இல்லை!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பாதப் பாதுகாப்புக் குழு அமைந்தது. தலைவருக்குப் பூனை பக்கத்தில் வந்தாலே தும்மல் வரும், கண் சிவக்கும். எனவே விருப்பு வெறுப்பு இல்லாமல் நடந்துகொள்வார் என்று அவரையே குழுவுக்கும் தலைவராக்கினார்கள்.

குழு முதலில் ஆராய்ந்தது கட்டுப் போடும் துணியை. பட்டுச் சங்கத்துப் பூனைக்குப் பருத்தித் துணியில் கட்டினால் வெளியே என்ன சொல்லுவார்கள்? ஆகவே அரக்கு நிறப் பட்டில் தலைவர் ஒரு சுற்றுச் சுற்றினார், தும்மிக்கொண்டே. தலைவர் சுற்றியபின் செயலாளர் சுற்றாமல் இருந்தால் பதவிக்கு மரியாதை ஏது? அவர் பச்சையில் சுற்றினார். உதவித் தலைவர் மாம்பழ மஞ்சள். பிறகு மேலண்டைத் தெரு தங்கள் தறிப் பட்டும் இருக்க வேண்டும் என்றது. மேலண்டைத் தெரு சுற்றினால் கீழண்டைத் தெரு சும்மா இருக்குமா? முன்னால் சுற்றியவர் துணியை அவிழ்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்பதால் எல்லாரும் அதன்மேலேயே சுற்றினார்கள். ஆவணி முடிவதற்குள் கட்டு ஒரு தலையணை அளவுக்கு வந்துவிட்டது. பூனை அதன் மறுமுனையில் இருந்தது.

நடக்க முடியாத பூனை நொண்டாது. நொண்டல் முற்றிலும் நின்றுவிட்டது என்று குழு மகிழ்ச்சியோடு அறிவித்தது.

சம்பங்கிக்கு ஒரு பிரம்புக் கூடை வந்தது. கூடைக்கு மெத்தை. மெத்தைக்கு உறை. காலை மாலை பால். எலிகள் கிடங்கில் நிம்மதியாகக் குடும்பம் நடத்தின. ஆனால் எலி இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று கோதண்டபாணி தெளிவுபடுத்திவிட்டார். வெளியூர் வியாபாரிகள்கூடச் சேலை பார்க்க வந்தால் முதலில் கட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பூனையின் சொந்தக்காரன் என்பதால் ராஜவேலுவுக்குக் கூட்டங்களில் நாற்காலி போட்டார்கள். அவன் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

வீரபாகு இதையெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ஒன்று விடாமல் பார்த்தான். குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை எறிந்தால் அது பாதியில் நின்றது. புட்டாப் பூ போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டான். பக்கத்து வீட்டுப் பூனை பால் குடிக்கும் வேளை வந்தால் இவனுக்கு இங்கே வயிறு எரிந்தது.

"அதுக்கு ஒரு கூடையாம்," என்பான். "மெத்தையாம்."

மிளகு எதையும் கேட்காமல் மிதிபலகைக்குப் பக்கத்தில், அவன் பாதத்தின்மேல் மோவாயை வைத்துத் தூங்கும். அந்தக் கதகதப்பு காலில் இருக்கும்போதே அவன் மனசு கூடையைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஐப்பசியில் சங்கம் பெரிய தீர்மானம் ஒன்றைப் போட்டது. கார்த்திகையில் வரும் கூட்டுறவு வார விழாவில் மண்டல அதிகாரியே வந்து, வெள்ளிப் பூச்சுக் கத்தரியால் கட்டை வெட்டி, குணமான பாதத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவார். அதற்குக் கட்டு அவிழ்ப்பு விழா என்று பெயர். அதுவரை கட்டை யாரும் தொடக்கூடாது.

தீபாவளி கழிந்த பிறகு ஒருநாள் காலை வீரபாகு தறிக்குழியில் இறங்கினான். மிளகு அங்கே இல்லை. அது கூடத்து மூலையில் இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தரையில் வைத்தது, உடனே எடுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் மனிதனுக்கு வர வேண்டியது பதைப்பு. வீரபாகுவுக்கு வந்தது வேறு.

"தையலு! இங்க ஓடியா! நம்ம மிளகும் நொண்டுது!"

பிள்ளை பரீட்சையில் தேறிய தகப்பனின் குரல் அது. தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"வெரலு வீங்கிக்கீது. முடிக்குள்ள இன்னாவோ மாட்டிக்கினு இருக்குது. நீங்க தலையப் புடிங்க, நான் பாக்கறேன்."

"தொடாதே!"

"ஏன்?"

"தொட்டா ஆறிடும்."

தையல்நாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறினா நல்லதுதானேங்க?"

"சங்கத்துல காட்டிட்டு வந்துடறேன். அப்பறமா ஆறட்டும்."

மிளகை ஒரு துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் சங்கத்துக்கு ஓடினான். கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எந்தக் காலுபா?"

"பின்னங்காலு. எடது."

"முன்னங்காலுக்குத்தான் ரூல் இருக்குது. பின்னங்காலுக்கு ரூல் கிடையாது."

"வலி ஒண்ணுதானே சார்?"

"வலிக்கு ரூலே கிடையாதுபா. காலுக்குத்தான்."

உள்ளேயிருந்து தலைவர் வந்தார். விஷயத்தைக் கேட்டு, பூனை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே விளக்கினார்: "முன்னங்கால் எலியை அடிக்கிற கால். உழைக்கிற கால். தலைமை தாங்குகிற கால். பின்னங்கால் அதன் பின்னாலே வருகிற கால். இரண்டையும் சமமாக வைத்தால் நாளைக்கு உறுப்பினர்களும் தலைவரும் சமம் என்று பேச்சு வராதா?"

வீரபாகுவுக்கு ஆத்திரத்தில் வாய் திறந்துகொண்டது. "தலைவரே, தறியில நாடா எறியறது கை. சரி. ஆனா கீழ மிதிக்கறது இன்னாது? காலுதானே? நாங்க மிதிக்கலன்னா பாவு எங்க தெறக்கும்? நாடா எங்க பூரும்?"

வெளியே நூலுக்குக் காத்திருந்த நெசவாளிகள் "சரியாச் சொன்னபா!" என்றார்கள். அவர்களுக்குப் பூனையைப் பற்றி அக்கறை இல்லை. ராஜவேலுவின் நாற்காலி அவர்கள் கண்ணையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் முன்னங்கால் கட்சி, பின்னங்கால் கட்சி என்று இரண்டு உண்டாகிவிட்டன. டீக்கடையில் தனித்தனி பெஞ்சு. முன்னங்கால்காரர் சாயப்பட்டறையில் பின்னங்கால்காரர் நூல் நனைக்கமாட்டோம் என்றார்கள். தை மாதம் நடக்க இருந்த ஒரு கல்யாணம், பெண்ணின் மாமன் எந்தக் கால் என்று விசாரித்துச் சொல்லும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது.

ராஜவேலு தெருவில் எதிர்ப்பட்டு, "அண்ணே, ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தான்.

"நாற்காலிக்காரங்ககிட்ட நமக்கு இன்னா பேச்சு?" என்று வீரபாகு நடையைக் கட்டினான்.

கடைசியில் சங்கம் இறங்கி வந்தது. மிளகுக்கும் மேடையில் இடம் உண்டு. சம்பங்கிக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு சாண் தாழ்வாக. பின்னங்காலுக்கும் பட்டுக் கட்டு உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று. கோதண்டபாணி அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "மேற்படி புண் விழா தேதி வரை நடப்பில் இருக்க வேண்டும். முன்கூட்டி ஆறிய புண் விழாவுக்கு ஏற்கப்படமாட்டாது."

மிளகின் காலில் பட்டைச் சுற்றி, பட்டு மூட்டைக்கு வைப்பதுபோல் அரக்கு உருக்கி ஊற்றி, சங்கத்து முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். வீரபாகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ராஜவேலு வீட்டு வாசல் வழியாகச் சற்று மெதுவாகவே நடந்து வந்தான்.

தையல்நாயகி முத்திரையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவனிடம் அதிகம் பேசவில்லை.

மிளகு முதல் நாள் கட்டைக் கடித்துப் பார்த்தது. அடுத்த நாள் நக்கிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. தையல்நாயகி மோரில் விரலை நனைத்து அதன் வாயில் தடவுவாள். வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒடம்பு சுடுதுங்க," என்றாள் ஒருநாள்.

"இன்னும் கொஞ்ச நாளுதான். விழா வந்துடும்."

"அது உங்களத்தான் பாக்குது."

வீரபாகு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சோமவாரத்தன்று கச்சபேசுவரர் கோயிலுக்குப் போனான். ஆமை வடிவில் பெருமாளே வந்து ஈசனைப் பூசித்த இடம் அது. கண்ணை மூடி, கையைக் குவித்து, உருகி வேண்டிக்கொண்டான். திருநீறு பூசிக்கொண்டு பிராகாரம் சுற்றும்போது, தான் என்ன வேண்டினோம் என்று தற்செயலாக நினைத்துப் பார்த்தான். விழா நல்லபடி நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். மிளகின் மெத்தைக்கும் உறை போட வேண்டும் என்று கேட்டிருந்தான். தனக்கும் ஒரு நாற்காலி கேட்டிருந்தான். கால் ஆற வேண்டும் என்று கேட்கவே இல்லை.

அவன் நடை நின்றது. திரும்பிப் போய்ச் சந்நிதியில் இன்னொரு தரம் கேட்கலாமா என்று யோசித்தான். அதற்குள் திரை போட்டுவிட்டார்கள். மெள்ள வீட்டுக்கு வந்தான்.

விழா நாள் விடிந்தது. சங்கத்தின் முன்னால் பந்தல், வாழைமரம், மாவிலைத் தோரணம், வேப்பமரத்துக் கிளையில் குழாய் ஒலிபெருக்கி. மேடையில் இரண்டு மேஜைகள், ஒன்று உயரம், ஒன்று ஒரு சாண் தாழ்வு. அவற்றின்மேல் இரண்டு மெத்தைகள், இரண்டு பூனைகள். நடுவில் தாம்பாளத்தில் வெள்ளிப் பூச்சுக் கத்தரி. வீரபாகுவுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். எத்தனை நாள் ஆசைப்பட்ட நாற்காலி! உட்கார்ந்தால் ஒரு கால் ஆடியது.

மண்டல அதிகாரி வருகிற நேரம் வந்தது, அதிகாரி வரவில்லை. நேரத்தைப் போக்கப் பேச்சாளர்கள் எழுந்தார்கள்.

"உலகத்தில் எத்தனையோ வைத்தியம் உண்டு," என்றார் கோதண்டபாணி. "புண்ணைப் பார்த்துச் செய்கிற வைத்தியம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். புண்ணை ஒரு தரம்கூடப் பார்க்காமல், தீர்மானத்தின் பலத்தினாலேயே சிகிச்சை செய்த சங்கம் நம்முடையது ஒன்றுதான்!"

அடுத்துத் தலைவர். "இந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை. உள்ளே பார்க்கிறவன் வேலைக்காரன். வெளியே சுற்றுகிறவன் தலைவன்!"

கைதட்டினார்கள். வெயில் ஏறியது. சர்பத் தீர்ந்தது. உதவித் தலைவர் எழுந்து தலைவர் பேசியதையே இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேசினார்.

ராஜவேலு நாற்காலியில் சாய்ந்து, மெள்ள வீரபாகுவின் காதருகே சொன்னான். "அண்ணே, அன்னிக்கு நீ பேச உடல. இப்பவாவது கேளு. உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருந்துச்சுண்ணே."

"என்னப் பாத்தா?"

"உன் பூன உன் வூட்டுல தூங்குது. என்னுத நான் பாக்கணும்னா செயலாளராண்ட பர்மிஷன் கேக்கணும். அதுவும் ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினுதான். கூட்டத்துல அது என்னப் பாத்துக் கத்தும். நான் நாற்காலில ஒக்காந்துக்கினு இருப்பேன். எறங்கினா மரியாத போயிடுமேன்னு."

வீரபாகு பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

பேச்சாளர் மாறும்போது மைக்கைத் தாழ்வான மேஜைமேல் வைத்திருந்தார்கள், மிளகின் முகத்துக்கு நேரே. மிளகு கத்தவில்லை, கத்துகிற தெம்பு அதற்கு இல்லை. தூக்கத்தில் குழந்தை முனகுவதுபோல் மிகச் சின்னதாக ஒரு முனகல். வேப்பமரத்துக் குழாய் அதை வாங்கி, பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் முழுக்கக் கேட்கும்படி பெரிதாக்கியது. தறி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில்கூட நாடாச் சத்தம் நின்றது.

"கேளுங்கள்!" என்றார் மயில்வாகனம். "பூனையும் நம் சங்கத்தை வாழ்த்துகிறது!"

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி எழுந்து நின்றாள். வீரபாகு அவளைப் பார்த்தான். பிறகு, இத்தனை நாள் பார்க்காமல் இருந்த இடத்தைப் பார்த்தான். மிளகின் கண்கள் அவன்மேல்தான் இருந்தன.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் இடுப்பில் செருகியிருந்த, இழை கத்தரிக்கும் சின்னக் கத்தரியை எடுத்தான்.

"வீரபாகு!" கோதண்டபாணி அலறினார். "முத்திரையத் தொடாதபா! தீர்மானம் இருக்குது!"

"தீர்மானத்த நீயே வெச்சுக்கபா. பூன என்னுது."

அரக்கு முத்திரை உடைந்து விழுந்தது. பட்டு அவிழ்ந்தது. உள்ளே விரல் நாவல்பழம்போல் கறுத்து வீங்கியிருந்தது. அவன் முடியை விலக்கினான். வீக்கத்தின் நடுவே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு ஜரிகை இழை விரலைச் சுற்றி இறுகி, அறுத்து உள்ளே போயிருந்தது. அது எந்தப் பாவிலிருந்து அறுந்த ஜரிகை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தறியடியில் விழுந்த துண்டு. பெருக்கித் தள்ளாமல் விட்டது. அன்றைக்கே குனிந்து பார்த்திருந்தால் ஒரு வெட்டில் போயிருக்கும்.

கத்தரி நுனியை இழைக்கு அடியில் நுழைத்தான். மிளகு வலியில் துள்ளியது. யாரோ அதன் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்து, கண்ணை உள்ளங்கையால் மூடினார்கள். ராஜவேலு.

"நீ வெட்டுண்ணே. நான் புடிச்சுக்கினு இருக்கேன்."

மிளகு அவன் கையில் பல்லைப் பதித்தது. ராஜவேலு கையை எடுக்கவில்லை.

இழை அறுந்து வந்தது. அதோடு ஒரு நகமும் வந்தது. தையல்நாயகி மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சளையும் சின்னச் சிமிழில் இருந்த தேங்காயெண்ணெயையும் குழைத்துக்கொண்டு மேடையேறி வந்தாள். அதை அவள் எத்தனை நாளாக மடியில் வைத்திருந்தாள் என்று வீரபாகு கேட்கவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்து உயரமான மேஜையைப் பார்த்தான். ராஜவேலு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பகையாகப் போன மாதங்கள் நடுவில் நின்றன.

"இப்பிடிக் கொண்டா அத," என்றான் வீரபாகு.

சம்பங்கியின் கட்டை அவன் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். கீழே பலநிறப் பட்டு மலைபோல் குவிந்தது. "அது என் சுத்து! மெதுவா!" என்றார் உதவித் தலைவர். "எங்க தெருப் பட்ட மிதிக்காதீங்கபா!" என்றார்கள் கீழண்டைத் தெருக்காரர்கள். கடைசியில் அடியிலிருந்த அரக்குப் பட்டும் போய், பாதம் வெளியே வந்தது. கோணிச் சாக்கில் கிழிந்த பழைய புண் எப்போதோ தானாக ஆறி, அடையாளம்கூட இல்லை. ஆனால் மாதக்கணக்கில் எதையும் பிராண்ட வழியில்லாமல் நகங்கள் வளைந்து வளர்ந்து, உள்ளங்காலின் சதையிலேயே குத்தியிருந்தன. முதல் புண்ணைச் செய்தது சாக்கு. இந்தப் புண்ணைச் செய்தது மரியாதை.

வீரபாகு நகத்து நுனிகளை ஒவ்வொன்றாக நறுக்கினான். சம்பங்கி காலைத் தரையில் வைத்தது. வைத்ததை நம்பாமல் எடுத்து மறுபடி வைத்தது. பிறகு நேராக ராஜவேலுவின் காலைச் சுற்றி உரசிக்கொண்டு வந்தது. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது.

மேடையில் பிரளயம். அதிகாரி வந்துவிட்டார், கத்தரி இருக்கிறது, விழா இருக்கிறது, கட்டு இல்லை! மயில்வாகனம் தலைவராகப் பிறந்தவர் என்பதை அன்று ஊர் கண்டது. ஒரு கணம்கூடத் தயங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினார்.

"சுற்றுங்கள்!"

"தலைவரே," என்றார் கோதண்டபாணி தாழ்ந்த குரலில், "முறையாப் பாத்தா இது செயலாளர் காலுக்கு..."

"சுற்றய்யா!"

குவிந்து கிடந்த பட்டையெல்லாம் அள்ளித் தலைவரின் காலில் சுற்றினார்கள். அதிலும் யார் முதல் சுற்று என்று ஒரு தள்ளுமுள்ளு. அதிகாரி மாலையோடு மேடையேறினார். கத்தரியை எடுத்தார். வெட்டினார். தலைவரின் வலது பாதம் எந்தக் குறையும் இல்லாமல் வெளியே வந்தது.

"பூரண குணம்!" என்றார் அதிகாரி. நாதசுரம் முழங்கியது. மயில்வாகனம் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு அடி நடந்து காட்டினார். ஜனங்களும் கைதட்டினார்கள், கைதட்டிக் கைதட்டிப் பழகியவர்கள்.

அதிகாரி புறப்பட்டு ஜீப்பில் ஒரு காலை வைத்தவர், தலைவரின் முகத்தைப் பார்த்து, "அடடா, உங்களுக்குக் கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் என்று தமுக்கு அடித்தார்கள். வீரபாகு போகவில்லை. தறிக்குழியின் விளிம்பில், காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தறியடியை மூலைமூலையாகப் பெருக்கியாகிவிட்டது. மிளகு கொஞ்சம் மோர்ச்சோறு தின்றுவிட்டு, மஞ்சள் பூசிய காலை நீட்டிக்கொண்டு அவன் மடியில் படுத்திருந்தது. அந்த விரலில் இனி நகம் வராது.

ராஜவேலு கைக்கட்டோடு வந்தான். சாதாரணப் பருத்தித் துணிக் கட்டு, தையல்நாயகி போட்டது. அவன் பின்னாலேயே சம்பங்கியும் வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மிளகின் கிண்ணத்தில் வாய் வைத்தது.

"கடிச்ச எடம் வலிக்குதாபா?" என்றான் வீரபாகு.

"கொஞ்சம். பரவால்லண்ணே." அவன் எதிரில் உட்கார்ந்தான். "கூட்டத்துல பேசிக்கினாங்க. சங்கத்துப் புண்ணச் சேதப்படுத்திட்டன்னு உம்மேல நடவடிக்கையாம்."

"எடுக்கட்டும்."

"தலைவர் கண்ணுக்குப் பட்டுத்துணி கட்டப்போறாங்களாம். எல்லாத் தெருவும் ஒவ்வொரு சுத்து. மேல ஜரிகை வேற. அடுத்த வருசம் விழா வெச்சுத்தான் அவுப்பாங்களாம். அதுவரைக்கும் அவரக் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போறதுக்கு ஒரு ஆளு. ஒக்காரச் சாய்வு நாற்காலி. தெனம் பால்."

தையல்நாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, இன்னிக்காவது சோறு எறங்குமா?" என்றாள்.

வீரபாகு சிரித்தான். சாய்வு நாற்காலியாமே! நெஞ்சுக்குள் அந்தப் பழைய சிம்பு எங்கேயாவது உறுத்துகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் மிளகு மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது; அசைந்தால் விழித்துக்கொள்ளும். அவன் தேடாமலே உட்கார்ந்திருந்தான்.